விலகல் படிவம்

ஜனவரி 12

தம்பிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். எடுத்தாலும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுகிறாய். வைத்த பிறகுதான், கேட்க வந்ததைக் கேட்கவே இல்லையே என்று எனக்கு உறைக்கிறது. எழுத்தில் உன் மழுப்பல் செல்லாது.

நவம்பர் மூன்றாம் தேதி சிறுநீரக டாக்டரின் அறையில், எனக்கு ஒரு சிறுநீரகம் தருவீர்களா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நீ தலையாட்டினாய். வீட்டில் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள், அவசரமில்லை என்றார் அவர். "இதுல யோசிக்க என்ன டாக்டர் இருக்கு? என் அக்காவுக்கு நான் குடுக்காம யாரு குடுப்பா" என்றாய். அவர் அப்போதே கோப்பில் உன்னை எழுதிக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, என் மகள் பார்க்காமல், குளியலறையில் நின்று அழுதேன். சந்தோஷம் தாங்கவில்லை.

பத்து வாரம் ஆகிவிட்டது. நீ இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. உன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அறுவை, மயக்க மருந்து எல்லாம் அதற்கு அப்புறம், அதுவும் பொருந்தினால்தான்.

இதை டயாலிசிஸ் மெஷினில் படுத்தபடி எழுதுகிறேன். வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி. வலது கை சும்மாதான் கிடக்கிறது. பணிமனையில் எனக்கு அரை நாள் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பேருந்து நான்கு நிமிடம் பிந்திக் கிளம்பினால் ஓட்டுநரிடம் காரணம் எழுதி வாங்குகிற நேரக் காப்பாளர் நான். உன்னிடம் பத்து வாரத்துக்கும் காரணம் கேட்கப் போவதில்லை. எந்தக் கிழமை போகிறாய் என்று மட்டும் எழுது.

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். நம்ப மாட்டாய். தேதி போட்டு, "அன்புள்ள அக்கா" என்று எழுதிய தாள் இப்போதும் மேசையில் இருக்கிறது. அந்தத் தேதி பழசாகிவிட்டது என்பதால் புதுத் தாளில் எழுதுகிறேன்.

வருடத் தொடக்கத்தில் எங்கள் பாடு உனக்குத் தெரியும். ஊரில் இருக்கிற தராசு, எடைக்கல், பெட்ரோல் பம்பு எல்லாவற்றுக்கும் முத்திரை புதுப்பிக்கிற காலம். எடையளவு ஆய்வாளர்கள் மொத்தம் இரண்டு பேர். அதில் ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது. காலையில் இரும்புக் கடையில் நுழைந்தால் சாயங்காலம் மீன் சந்தையில் வெளியே வருகிறேன்.

அதற்காக நான் சும்மா இருக்கிறேன் என்று நினைக்காதே. சிறுநீரகம் பற்றி ஒரு தடிப் புத்தகம் வாங்கிப் பாதி படித்துவிட்டேன். உப்பைக் குறைத்திருக்கிறேன். காலையில் ஆறு மணிக்கு நடக்கப் போகிறேன். உனக்கு வரப்போகிற சரக்கு நல்ல சரக்காக இருக்க வேண்டாமா? இடையில் பத்து நாள் சளி. சளியோடு ரத்தம் கொடுத்தால் முடிவு பிசகும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். என் மனைவியும் தடை எதுவும் சொல்லவில்லை. எப்போ போறீங்க என்று இரண்டு முறை கேட்டாள், அவ்வளவுதான்.

மார்ச் முதல் செவ்வாய். எழுதி வைத்துக்கொள். மருமகளைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

நீ காலையில் நடக்கப் போகிற செய்தியை எதிர்ப் படுக்கைக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முடிதிருத்துகிறவர். மெஷினில் இருக்கும்போது வாய் ஓயாது. குலுங்கிச் சிரித்து, ஊசி அசைந்து, நர்ஸிடம் திட்டு வாங்கினார். நானும் சிரித்தேன். எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான், மாத்திரைக்கும் சேர்த்து. மதியத்துக்குமேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, நீ உப்பைக் குறைத்த கதையைப் படிக்கிறேன்.

நீ சோம்பேறி இல்லை. அது எனக்குத் தெரியும். அடுத்தவர் வேலை என்றால் பறந்துபோய்ச் செய்வாய். உனக்குப் பயமான இடம் எதுவோ அங்கே மட்டும் கால் வராது. பத்தாம் வகுப்பு விண்ணப்பத்தைக் கடைசி நாளில் நான் ஓடிப்போய்க் கட்டினேன். கல்யாணத்துக்குச் சரி சொல்ல எட்டு மாதம் எடுத்துக்கொண்டாய். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாய். அவர் சனிக்கிழமை போய்விட்டார். இதுவரை ஒரு நாளும் நான் இதைச் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் நேற்று ஒரு விஷயம் தெரிந்தது.

பதிவு அறையில் கோப்புகளைப் பார்க்கும் அம்மாவிடம், பொதுப் பட்டியலில் நான் எத்தனையாவது என்று சாதாரணமாகக் கேட்டேன். இறந்தவர்களிடமிருந்து எடுக்கும் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் அது. அவர் புரட்டிப் பார்த்தார். "உங்க பேரு இதுல இல்லையேம்மா. உங்களுக்குத்தான் தம்பி குடுக்கறாரே" என்றார். உறவினர் தருவதாக எழுதிவிட்டால் கோப்பு வேறு அலமாரிக்குப் போய்விடுமாம். அந்த உறவினர் பொருந்தவில்லை என்று முடிவு வர வேண்டும், அல்லது விலகுகிறேன் என்று அவரே கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை எனக்கு வரிசையில் இடம் கிடையாது.

நான் இத்தனை நாளும் இரண்டு வழி இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன் வழி ஒன்றுதான் இருந்திருக்கிறது. முடிதிருத்துகிறவர், நீ தலையாட்டிய அதே வாரத்தில் பட்டியலில் சேர்ந்தவர். எங்கள் இருவருக்கும் ஒரே ரத்த வகை. நீங்கள் குடுத்து வைத்தவர் என்று என்னைப் பார்த்து ஏங்குகிறார்.

மார்ச் முதல் செவ்வாய். எழுதி வைத்திருக்கிறேன்.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்கா,

போய்விட்டேன். இனியாவது திட்டாதே.

உன் கடிதம் என்னை உலுக்கிவிட்டது. அலமாரி விஷயம் எனக்கும் தெரியாது, சத்தியமாக. முதல் செவ்வாய் முடியவில்லை, இரண்டாவது செவ்வாய் போனேன். மாடியில் நீளமான தாழ்வாரம். சுவரோரம் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். எனக்கு டோக்கன் நாற்பத்தொன்று. பக்கத்தில் ஒரு அம்மாள் தன் மகனுக்குக் கொடுக்க வந்திருந்தார். பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து எனக்கும் நீட்டினார். சுவரில் ஒரு கடிகாரம், நின்று போனது. நீ இருந்தால் அதற்கும் காரணம் எழுதி வாங்கியிருப்பாய்.

ஊசி எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. மூன்று குழாய் எடுத்தார்கள். முடிவு வர நாலைந்து வாரம் ஆகுமாம், நேராக உன் ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிடுவார்களாம். அதுவரை நிம்மதியாக இரு.

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

ஐந்து வாரம் நான் நிம்மதியாக இருந்தேன். உனக்கு அது தெரிய வேண்டும். மெஷினில் படுத்தபடி, அடுத்த வருடம் முழுசாக ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பதை நினைத்துப் பார்த்துக்கொண்டேன். பணிமனையில் எல்லோரிடமும் என் தம்பி ரத்தம் கொடுத்துவிட்டான் என்று சொன்னேன்.

ஆறாவது வாரம் கோப்பு அம்மா உன் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். இரண்டு முறை தேடிப் பார்க்கச் சொன்னார். உன் பெயரில் ரத்தம் எடுக்கப்படவே இல்லை. மார்ச்சிலும் இல்லை, வேறு எந்த மாதத்திலும் இல்லை. போனை வைத்துவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார், பிறகு நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கால் ஆடுகிற நாற்காலி, பிஸ்கட் கொடுத்த அம்மாள், நின்று போன கடிகாரம். எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து எழுதியிருக்கிறாய்.

அன்று வீட்டில் நான் சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்து என் மகள் துருவித் துருவிக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள். பத்தொன்பது வயதுப் பெண். மறுநாள் கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஐந்து நிமிடம்தான் ஆயிற்றாம். தெரிந்ததும் அவளை அடித்துவிட்டேன். பிறந்ததிலிருந்து அவள்மேல் கை வைத்ததில்லை. "மாமா குடுக்கலன்னா நான் குடுக்கறேன். உனக்கு என்ன வந்துது?" என்று அழாமல் கேட்டாள். வகை பொருந்தவில்லை, அவளுக்கு, காலமான அவள் அப்பாவின் ரத்தம். எனக்கு உயிர் வந்தது. தான் பிழைக்கும் வழி அடைபட்டதும் சந்தோஷப்பட்டு அழுகிற பெண்ணை இந்த ஆஸ்பத்திரியில் முதல் தடவையாகப் பார்ப்பதாகக் கோப்பு அம்மா சொன்னார்.

உன்னை வெறுக்கிறேன் என்று இந்த இடத்தில் எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

இத்துடன் விலகல் படிவம் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். ஒன்று, நீ போய் ரத்தம் கொடு. இல்லை, இதில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மூன்றாவதாக எதுவும் எழுதாதே.

அக்கா


மே 6

அக்கா,

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். உன் கடிதம் இன்று பதினொரு மணிக்கு வந்தது. இப்போது பன்னிரண்டு. தபால் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் இதுவும் மேசைக்குப் போய்விடும்.

நாற்காலி பொய் இல்லை. அந்தத் தாழ்வாரத்துக்கு ஐந்து முறை போயிருக்கிறேன். ஐந்து டோக்கனும் சட்டைப் பையில் இருக்கின்றன. எண்ணைக் கூப்பிடுவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். இரண்டாம் முறை கூப்பிடுவார்கள். அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். அப்போது எனக்குள் ஒரு சுகம் இறங்கும் அக்கா. அடுத்த வாரம் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டு, மனசு லேசாகி, வெளியே வந்து டீ குடிப்பேன். அந்தச் சுகத்துக்காகத்தான் திரும்பத் திரும்பப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. ஐந்தாவது முறை டீ குடித்த கையோடு உனக்கு அந்தப் பொய்க் கடிதத்தை எழுதினேன்.

எனக்குப் பயம். கத்திக்கு, மயக்கத்துக்கு, இன்னொன்றும் கெட்டுப்போனால் என்ன ஆவேன் என்பதற்கு. என் உடம்பைத் திறந்து எடுக்க எனக்கு மனசில்லை. நவம்பரிலேயே இல்லை. டாக்டர் கேட்டபோது வந்த பதில் "முடியாது" என்பதுதான். அது வாய்க்கு வருவதற்குள் பயந்துபோய்த் தலையை ஆட்டிவிட்டேன். அதற்குப் பிறகு "முடியாது" என்று சொல்ல வேண்டிய ஒவ்வொரு நாளும் "அடுத்த வாரம்" என்று சொன்னேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை நான் அக்காவுக்குச் சிறுநீரகம் கொடுக்கப்போகிற தம்பி. அலுவலகத்தில் எனக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? எழுந்து நின்று கை கொடுத்தார்கள். அதையெல்லாம் விட மனசு வரவில்லை.

கடையில் தராசு சரியாக இருந்தால் முத்திரை வைப்பேன். பிசகியிருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். எதுவானாலும் அன்றைக்கே முடிக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டு வந்தால், அந்த ஒரு நாளும் ஜனங்கள் பிசகான எடையை நம்பி வாங்கிக்கொண்டு போவார்கள் என்று புதிதாக வருகிற ஆய்வாளர்களுக்கு நான்தான் பாடம் எடுக்கிறேன். நீ ஆறு மாதம் என்னை நம்பி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாய்.

முடியாது அக்கா. என்னால் கொடுக்க முடியாது. மன்னிப்புக் கேட்டு எழுதினால் அதற்கும் நீ பதில் எழுத வேண்டிவரும் என்பதால் கேட்கவில்லை. மருமகள் செய்ததைப் படித்தபோது தலை நிமிரவில்லை.

தம்பி


மே 22

தம்பிக்கு,

படிவம் வந்தது. கோப்பு அம்மா முத்திரை குத்தி, என் கோப்பை அந்த அலமாரியிலிருந்து எடுத்து இந்த அலமாரியில் வைத்தார். இரண்டு அலமாரிக்கும் நடுவே நான்கடி இருக்கும். பட்டியலில் நான் இருநூற்றுப் பதினாறு.

நீ கையெழுத்துப் போட்ட தேதியைப் பார்த்தேன். கடிதம் கிடைத்த அன்றே போட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்து, நீ பயந்த ஒரு காரியத்தை அன்றைக்கே செய்தது இதுதான் முதல் தடவை. அது "முடியாது" என்பதாகப் போனது என் தலையெழுத்து. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், படித்ததும் மூச்சு விட முடிந்தது. இந்த ஆறு மாதமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்பேன். இப்போது இல்லை. நவம்பரில் இதைச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் அழுதிருப்பேன். உன்னோடு ஒரு வருடம் பேசாமல் இருந்திருப்பேன். அதற்குப் பயந்து இதைச் செய்தாயா?

போன வியாழக்கிழமை முடிதிருத்துகிறவரைக் கூப்பிட்டார்கள். எங்கோ விபத்தில் இறந்த ஒருவருடையது. ஆறே மாதத்தில் கிடைப்பது அபூர்வமாம். அவர் ஊசியைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் அழுதார். இப்போது அந்தப் படுக்கையில் வேறு யாரோ. முடிதிருத்துகிறவருக்கும் என் வகை, என் வயதுதான். நானும் நவம்பரில் அதே வாரம் பட்டியலில் சேர்ந்திருந்தால் எனக்கு வந்திருக்குமா என்று கோப்பு அம்மாவிடம் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காதீங்கம்மா என்றார். நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

பட்டியலில் மூன்று வருடம் ஆகும் என்கிறார்கள். இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மெஷினை நம்பி அதிகம் போனால் ஒன்றரை வருடம் என்கிறார். இரண்டையும் கூட்டிக் கழிக்க ஆய்வாளர் தேவையில்லை.

உன்னை மன்னிக்கவில்லை. மன்னிக்க எனக்கு நேரம் இருக்குமா என்றும் தெரியவில்லை. ஆனால் எனக்கு வேறு யாரும் இல்லை, என் மகளுக்கும் இல்லை. அதனால் ஒன்று கேட்கிறேன். எனக்குப் பிறகு என் மகளுக்கு நீ வீடாக இருப்பாயா? படிப்பு முடிய இரண்டு வருடம் இருக்கிறது. அதற்கு அப்புறமும் ஒரு பெண்ணுக்குத் திரும்பி வர ஒரு வீடு வேண்டும். உன் மனைவியிடம் கேட்டுக்கொள். முடியாது என்றால் முடியாது என்று எழுது. நான் தாங்கிக்கொள்வேன், இப்போது பழகிவிட்டது. வேறு ஆள் தேட எனக்கு நாள் வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா


மே 27

அக்கா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. படித்து முடித்ததும் "இதைக் கேட்கவும் வேண்டுமா, அவள் என் பெண்" என்று எழுதக் கை ஓடியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நவம்பரில் தலையும் இப்படித்தான் ஆடியது.

என் மனைவியிடம் உன் கடிதங்கள் எல்லாவற்றையும் கொடுத்தேன். சிறுநீரகம் முதல் பொய் வரை எல்லாவற்றையும் அவள் முதல் தடவையாக முழுசாகப் படித்தாள். பிறகு பின்னறையிலிருந்த என் புத்தகங்களையும் பழைய தராசுகளையும் ஒவ்வொன்றாகக் கூடத்துக்கு எடுத்து வைக்க ஆரம்பித்தாள். "அந்தப் பொண்ணு வந்து தங்கட்டும். உங்களுக்காக இல்ல" என்றாள். நானும் கூட எடுத்து வைத்தேன்.

எனக்கு இதிலும் பயம் இருக்கிறது. மருமகள் முகத்தைப் பார்க்கப் பயம். என்னால் உனக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்த பெண்ணுக்கு, தினமும் காலையில் கதவைத் திறந்துவிட வேண்டும். உன் எதிரே வந்து நிற்கவும் பயம். இந்தப் பயம் தீர்ந்த பிறகு வருகிறேன் என்று எழுதினால் அதுவும் இன்னொரு டோக்கன்தான். பயத்தோடுதான் கிளம்ப வேண்டும் என்று இப்போதுதான் புரிகிறது, உனக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லாத நேரத்தில்.

அதனால் இந்தக் கடிதத்தில் ஆம் என்று எழுதவில்லை. என் ஆம் என்ன விலை போகும் என்று நம் இருவருக்கும் தெரியும். ஒரு மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்று மாலை வண்டிக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். இதைத் தபாலில் சேர்த்துவிட்டு நேராக ரயில் நிலையம் போகிறேன். வண்டி நாளைக் காலை ஏழரைக்கு வந்து சேரும். தபால் உனக்குக் கிடைக்க மூன்று நாளாகும்.

ஆகவே நீ இதைப் படிக்கும்போது நான் உன் வீட்டில் இருக்க வேண்டும். தலையை நிமிர்த்திப் பார். நான் அங்கே இல்லை என்றால், போன் செய்யாதே, காரணம் கேட்காதே, காத்திருக்காதே. இன்றைக்கே பெண்ணுக்கு வேறு ஆள் தேடு.

தம்பி